சி டிரைவை விழுங்கும் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர்: கேள்வி பதில்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் காணாமல் போகும் இடத்தைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஒரே ஃபோல்டரைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன.

கேள்வி: அண்ணா, என் சி டிரைவ் 111 ஜிபி. உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டரையும் சேர்த்து ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் 70 ஜிபிதான் வருகிறது. ஆனால் 4 ஜிபிதான் காலி என்கிறது. மீதி எங்கே?

37 ஜிபி இடிக்கிறது. அதில் கொஞ்சம் பேஜ் ஃபைலும் (மெமரி போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது) ஹைபர்நேஷன் ஃபைலும் (ஹைபர்நேட் செய்யும்போது மெமரியை எழுதிவைப்பது). இரண்டும் மறைந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால்கூடப் பொதுவாக இவ்வளவு வராது. என் சந்தேகம் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' மேல்தான். மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னாலும், அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் 0 பைட் என்று காட்டும். உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அதைத் திறக்கும் உரிமை சிஸ்டம் கணக்குக்கு மட்டுமே உண்டு, அட்மின் ஆனாலும் உங்களுக்குக் கிடையாது. விஸ்ட்ரீ போன்ற இலவச மென்பொருளை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஓட்டுங்கள். அது டிரைவின் அட்டவணையையே நேரடியாகப் படிப்பதால் உண்மையான அளவு தெரிந்துவிடும். அளவு தெரியும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: பார்த்துவிட்டேன், 29 ஜிபி! உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? எப்படிக் குறைப்பது?

பெரும்பாலும் ரெஸ்டோர் பாயின்ட்கள், அதாவது விண்டோஸ் கெட்டால் திரும்பிப் போவதற்கான பழைய நிலைகள். ஷேடோ காப்பி என்ற முறையில் சேமிக்கப்படுபவை. இது உங்கள் டிரைவை முழுதாக நகல் எடுத்து வைப்பதில்லை. ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போட்ட பிறகு டிரைவில் எந்தத் துண்டு மாறப்போகிறதோ, அந்தப் பழைய துண்டை மட்டும் 16 கேபி அளவில் எடுத்து இந்த ஃபோல்டருக்குள் ஒதுக்கிவைக்கும். ஆகவே நீங்கள் புதிதாக எதுவும் சேமிக்காவிட்டாலும், பெரிய ஃபைல்கள் அடிக்கடி மாறினாலே இது வீங்கும். சி டிரைவில் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) வைத்திருப்பவர்களும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் இதில்தான் மாட்டுவார்கள்.

ஸ்டார்ட் மெனுவில் 'ரெஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்' வரும். அதைத் திறந்து சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' அழுத்துங்கள். 'மேக்ஸ் யூசேஜ்' என்று ஒரு இழுப்பான் இருக்கும். உங்கள் டிரைவுக்கு 4, 5 ஜிபி போதும். அளவைக் குறைத்ததும் பழைய பாயின்ட்கள் தானாகக் கழன்றுவிடும். அதே இடத்தில் 'டெலீட்' பட்டனும் உண்டு. அது அந்த டிரைவின் ரெஸ்டோர் பாயின்ட் அத்தனையையும் துடைத்துவிடும், கடைசி ஒன்றுகூட மிஞ்சாது. கடைசியானதை விட்டுவைக்க வேண்டுமானால் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்து, 'மோர் ஆப்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள்.

இன்னொன்று: ரெஸ்டோர் பாயின்ட் உங்கள் கல்யாண போட்டோக்களுக்குக் காவல் இல்லை. விண்டோஸ் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும், அவ்வளவுதான். போட்டோவை வேறு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள்.

கேள்வி: சார், சி டிரைவ் பிரச்சினை இல்லை. பேக்கப் எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கில்தான் இந்த ஃபோல்டர் வாரா வாரம் ஏறுகிறது. ரெஸ்டோர் பாயின்டை நிறுத்தியும் குறையவில்லை.

எழுதுவது வேறு ஆள், அதனால்தான் குறையவில்லை. விண்டோஸ் 7 காலத்து 'பேக்கப் அண்ட் ரெஸ்டோர்' வழியாக சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ் டிரைவின் முழு நகல்) எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது கடைசி இமேஜை வெளிப்படையாக வைத்துவிட்டு, முந்தைய வாரங்களின் இமேஜ்களை ஷேடோ காப்பிகளாக இந்த ஃபோல்டருக்குள் தள்ளும். அதே பக்கத்தில் 'மேனேஜ் ஸ்பேஸ்' போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' கொடுத்து, கடைசி இமேஜை மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள். அடுத்த பேக்கப்பிலிருந்து ஏறாது.

வேறு பேக்கப் மென்பொருள் என்றால், அதுவே ஷேடோ காப்பியின் உச்சவரம்பை 'அன்பவுண்டட்' என்று மாற்றி வைத்திருக்கலாம். அதாவது எல்லையே இல்லை. மேலே சொன்ன இழுப்பானில் அந்த டிரைவுக்கும் ஒரு அளவு வையுங்கள்.

கேள்வி: ஓனர்ஷிப்பை மாற்றிவிட்டு உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

வேண்டாம். ஒரு முறை நானே இந்த வேலை செய்தவன். இந்த ஃபோல்டரில் இல்லை, விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரில். 11 ஜிபி இருந்தது. வெறும் செட்டப் ஃபைல்கள்தானே என்று அழித்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆஃபீஸ் தொகுப்பை அப்டேட் செய்யப் போனால் பழைய செட்டப் ஃபைலைக் கேட்டது. அன்இன்ஸ்டால் செய்யப் போனால் அதற்கும் அதையே கேட்டது. கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன்.

கேள்வி: ஆஃபீஸ் ஃபைல் சர்வரில் இதே ஃபோல்டர் 600 ஜிபி. குறைத்துவிடலாமா?

கையை எடுங்கள் முதலில்! சர்வரில் 'டேட்டா டீடூப்ளிகேஷன்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கும் கிடங்கு இந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கும். வெளியே தெரியும் ஃபைல்கள் வெறும் சுட்டிகள். அந்த 600 ஜிபிதான் உங்கள் ஆஃபீஸின் உண்மையான டேட்டா.

கேள்வி: பென் டிரைவில்கூட இந்த ஃபோல்டர் வருகிறது. வைரஸா அக்கா?

அக்கா இல்லை தம்பி, அண்ணன். வைரஸும் இல்லை. விண்டோஸில் செருகியதும் தேடல் முதலான வசதிகளுக்காக இரண்டு குட்டி ஃபைல்களைப் போட்டுவைக்கும், இடம் சில பைட்கள்தான். அழித்தாலும் அடுத்த முறை வரும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் 14 ஜிபி காட்டுகிறதே?

விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்துவைக்கும் ஃபோல்டர் அது. உண்மையில் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. அதில் இருக்கும் பல ஃபைல்கள் விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களில் இருக்கும் அதே ஃபைல்கள்தான். ஹார்ட் லிங்க் மூலம் ஒரே ஃபைலுக்கு இரண்டு முகவரி. எக்ஸ்ப்ளோரர் இரண்டு தடவை எண்ணிவிடுகிறது. டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' கொடுங்கள், கழிய வேண்டியது கழியும். 'விண்டோஸ் டாட் ஓல்டு' (பழைய விண்டோஸை வைத்திருக்கும் ஃபோல்டர்) இருந்தால் பெரிய அப்டேட் முடிந்து 10 நாளில் தானே போய்விடும்.

கேள்வி: என்னுடையது மேக்புக். 'சிஸ்டம் டேட்டா' 80 ஜிபி.

மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் ஓடுகிறதா? அதன் உள்ளூர் ஸ்னாப்ஷாட்கள் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் பதிவுகள்) ஒரு நாள் வரை டிஸ்க்கிலேயே இருக்கும். நேற்று பெரிய வீடியோக்களை அழித்திருந்தால், அவை இன்னும் ஸ்னாப்ஷாட்டில் பிடிபட்டிருக்கும். நாளைக் காலை பாருங்கள். குறையவில்லை என்றால் ஐபோன் பேக்கப் ஏதாவது கிடக்கிறதா என்று ஃபைண்டரில் தேடுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் இந்த ஃபோல்டருக்குள் வைரஸ் என்கிறது, நீக்க முடியவில்லை.

பழைய ரெஸ்டோர் பாயின்டில் சிக்கிய பிணம் அது. அந்தப் பாயின்டுக்குத் திரும்பினால் மட்டும் உயிர் வரும். முதலில் கம்ப்யூட்டரை முழுதாக ஸ்கேன் செய்து சுத்தமாக்குங்கள். அப்புறம் 'டெலீட்' அழுத்தி எல்லாப் பாயின்ட்களையும் துடைத்துவிட்டு, உடனே புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.