வைத்த செங்கல் மறுநாளே கழன்று வந்தால்

கலவையில் தண்ணீரைக் கூட்டாதீர்கள். செங்கலை நனைத்துவிட்டு வையுங்கள். யாங்கோன் பயிற்சிப் பட்டறையில் கட்டிய சுவரில் கற்கள் மறுநாளே கழல்கின்றன, அடியில் கலவை பொடியாக உதிர்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ஈரமில்லாமல் சிமென்ட் இறுகாது. சித்திரை வெயிலில் கிடந்த கல் என்றால் கேட்கவே வேண்டாம்.

சந்தேகமிருந்தால் கல்லின் மேல் ஓர் அங்குல அகலத்துக்குப் பென்சிலால் வட்டம் போட்டு, அதற்குள் 20 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 90 விநாடிக்குள் முழுதும் உள்ளே போய்விட்டால், நனைத்தே ஆகவேண்டும்.

நனைத்த கல்லை மேல் ஈரம் வடிந்த பிறகே வையுங்கள்; சொட்டச் சொட்ட வைத்தால் கரணையால் தட்டும்போதே வழுக்கும். அப்புறம், இது சுட்ட செங்கலுக்கு மட்டும். சிமென்ட் பிளாக்கை ஊறவைத்தால் காயும்போது சுருங்கி விரிசல் விடும்.