வகுப்பில் கூகுள் டாக்ஸ் போன்ற கூட்டாக எழுதும் கருவிகளால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் அது நாம் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது. ஒளிச்சேர்க்கை பற்றி ஐந்து வரி எழுதுங்கள் என்று ஒரே ஆவணத்தில் வகுப்பையே இறக்கிவிட்டால், முதல் பிள்ளை எழுதியதையே மற்றவர்கள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது என்ற நிலை இருந்தால்தான் கூடி எழுதுவதற்குத் தேவையே வருகிறது.

காரைக்குடிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு ஆத்தங்குடி டைல்ஸ். ஒரு குழு, 'சூளையில் வைத்துச் சுடுகிறார்கள்' என்று எழுதியிருந்தது. இணையத்தில் வேறு ஏதோ டைல்ஸைப் பற்றிப் படித்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் அந்த வரியின் ஓரத்தில் கமெண்ட் போட்டாள்: "சுடமாட்டாங்க. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துவாங்க." அவள் அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார்.

அப்புறம் அதன் கீழே கேள்விகள் குவிந்துவிட்டன. சுடாமல் பளபளப்பு எப்படி வரும்? கண்ணாடியை ஒட்டி இருக்கும் முகம் அந்த வழவழப்பை வாங்கிக்கொள்கிறது. அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, மேலே கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் கண்ணாடி தனியே வந்துவிடும். எல்லாவற்றையும் அவளே எழுதினாள். கை தூக்கிப் பேசச் சொல்லியிருந்தால் இதில் ஒரு வரிகூட எனக்குக் கிடைத்திருக்காது. கூச்சப்படும் பிள்ளைக்கு யோசித்து எழுத நேரம் கிடைக்கிறது. இந்தக் கருவிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். அடுத்தவர் எழுதியதை நேரடியாகத் திருத்த விடாதீர்கள். 'பரிந்துரை' முறையில் வைத்தால் பழைய வரியும் புதிய வரியும் சேர்ந்தே தெரியும், எழுதியவரே ஏற்கலாம் அல்லது தள்ளலாம். சண்டை பாதியாகக் குறையும். யாராவது மொத்தத்தையும் அழித்துவிட்டாலும் பதற வேண்டாம், ஆவணத்தின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் 'பதிப்பு வரலாற்றில்' போய் மீட்டுவிடலாம். யார் எதை எழுதினார்கள் என்பதும் அங்கே தெரியும், ஆனால் அவரவர் கணக்கில் நுழைந்திருந்தால் மட்டும். அதை வைத்து மதிப்பெண் குறைக்க ஆரம்பித்தால், பிள்ளைகள் எண்ணிக்கைக்காக வெறுமனே தட்டச்சு செய்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எல்லாம் திட்டமிட வேண்டும். இதை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதே இல்லை. பள்ளிக் கணினி அறையில் ஒரு கணினிக்கு மூன்று பேர், ஒருவர் தட்டச்சு செய்ய மற்ற இருவர் சொல்வார்கள். பாதி நேரத்தில் ஆள் மாற வேண்டும். தமிழ்த் தட்டச்சு வராதவர்கள் குரல்வழித் தட்டச்சில் சொல்லிவிட்டுப் பிழை திருத்துகிறார்கள். அந்தத் திருத்தமே நல்ல இலக்கணப் பயிற்சி.

இன்னொன்று: ஒரே கருவியை நம்பி இருக்க வேண்டாம். பல ஆசிரியர்கள் பயன்படுத்திய ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகையை 2024 இறுதியில் கூகுள் மூடிவிட்டது. பருவம் முடிந்ததும் பிள்ளைகள் எழுதியதை பிடிஎஃப் ஆக இறக்கி, ஒரு பிரதி அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்துவிடுங்கள்.