வாசகர் கேள்வி-பதில்: முதல் விமானம் வாங்குறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணா வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்ல எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் வேலை பாக்குறேன். போன வருஷம் பிபிஎல் (சொந்தமா விமானம் ஓட்டுற லைசென்ஸ்) எடுத்தேன், இப்ப வர்ஜீனியா ஏர்போர்ட்ல வாடகைக்கு எடுத்து மாசம் அஞ்சு மணி நேரம் பறக்குறேன். 1974 மாடல் செஸ்னா 172 (நாலு சீட்டு சின்ன விமானம்) ஒண்ணு 9 லட்சம் ராண்டுக்கு வந்திருக்கு. புது பெயின்ட், இன்ஜின் ஓவர்ஹால் (முழுசாப் பிரிச்சுப் புதுப்பிக்கிறது) ஆகி 1,650 மணி நேரம் ஓடியிருக்கு, ஆனா அது நடந்து 15 வருஷமாச்சு. கடைசி மூணு வருஷம் அதிகமா பறக்கல, கடற்கரை பக்கம் வெளியிலயே நின்னிருக்கு. வாங்கலாமா? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல அந்தப் புது பெயின்ட்டை மறந்துடுங்க. அந்த மாடல்ல இருக்குற லைகமிங் ஓ-320 இன்ஜினுக்கு கம்பெனி சொல்ற ஆயுசு 2,000 மணி நேரம், இல்லன்னா 12 வருஷம், எது முன்னாடி வருதோ அது. மணிக்கணக்குல பாத்தா 350 மணி நேரம் மிச்சம் இருக்குற மாதிரி தெரியும், வருஷக்கணக்குல அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. கணக்குக்காக ஒரு ஓவர்ஹால் 6 லட்சம் ராண்ட்னு வச்சுக்குவோம் (டாலர் ஏறுனா இதுவும் ஏறும், பார்ட்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் வருது), அப்ப நீங்க வாங்குறது 9 லட்ச ராண்ட் விமானம் இல்ல, 15 லட்ச ராண்ட் விமானம். விக்கிறவர்கிட்ட பேரம் பேசறப்ப இன்ஜினுக்கு விலையே போடாதீங்க, மிச்சம் இருக்குற பாடிக்கும் ரேடியோவுக்கும் மட்டும் பேசுங்க.

இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம். லைகமிங்ல கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கிற தண்டு), கிராங்க்ஷாஃப்டுக்கு (ப்ரொப்பெல்லரைச் சுத்துற தண்டு) மேல உக்காந்திருக்கும். பறக்காம நின்னா அதுமேல இருக்குற ஆயில் மெல்ல வடிஞ்சு கீழ போயிடும், டர்பன் கடல்காத்து உள்ள புகுந்து கேம்லயும் அது தள்ளுற லிஃப்டர்லயும் துரு பிடிக்க ஆரம்பிக்கும். அதனால "அதிகமா ஓடல சார்"னு யாராவது பெருமையா சொன்னா எனக்கு பயம்தான் வரும். உங்களுக்குத் தெரிஞ்ச, விக்கிறவருக்கு வேலை பாக்காத ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க. ஆயில் ஃபில்டரைக் கழட்டி அறுத்து, உள்ள மடிப்பு மடிப்பா இருக்குற காகிதத்தை வெயில்ல விரிச்சுப் பாக்கச் சொல்லுங்க, மினுமினுன்னு இரும்புத் துகள் தெரிஞ்சா அங்கயே நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. கம்ப்ரஷன் டெஸ்ட்டும் (சிலிண்டர் அழுத்தம் பாக்குறது) போரோஸ்கோப்பும் (சிலிண்டருக்குள்ள சின்ன கேமரா விட்டுப் பாக்குறது) கண்டிப்பா பண்ணணும். அப்புறம் எய்லரான் (இறக்கையோட பின் ஓரத்துல அசையுற பலகை) கீலை விரல்ல தடவிப் பாருங்க, வெள்ளையா பவுடர் ஒட்டுச்சுன்னா அலுமினியம் அரிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம், புது பெயின்ட்டுக்கு அடியில ரிவெட் ஓரமா கொப்புளம் கொப்புளமா எழும்பியிருந்தாலும் அதே கதைதான். லாக்புக் (பராமரிப்புப் பதிவேடு) முழுசா இருக்கணும், ப்ரொப்பெல்லர் எப்பவாவது தரையில அடிச்சிருக்கான்னு கேளுங்க, அடிச்சிருந்தா இன்ஜினைப் பிரிச்சுப் பாத்ததா எழுத்துல இருக்கணும்.

இப்ப செலவுக்கு வருவோம், நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கதான். ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், வருஷாந்திர எம்பிஐ (கட்டாயப் பரிசோதனை), சிவில் ஏவியேஷன் ஃபீஸ் எல்லாம் பறந்தாலும் பறக்காட்டியும் வரும். உங்க ஏர்ஃபீல்டுல விசாரிச்சு உங்க எண்ணைப் போட்டுக்குங்க, நான் உதாரணத்துக்கு வருஷம் 1,20,000 ராண்ட்னு எடுக்குறேன். பறக்குறப்ப மணிக்கு 30-35 லிட்டர் ஆவ்கேஸ் (விமான பெட்ரோல்), ஆயில், சில்லறை ரிப்பேர், ஓவர்ஹாலுக்குன்னு ஒதுக்கவேண்டிய 300 (6 லட்சத்தை 2,000-ஆல வகுத்தது), எல்லாம் சேத்து 1,700-ன்னு வைங்க. வாடகை மணிக்கு 2,500-ன்னா ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு மிச்சம் 800. 1,20,000-ஐ 800-ஆல வகுத்தா 150 மணி நேரம். வருஷத்துக்கு அவ்வளவு பறந்தாதான் சொந்த விமானம் வாடகையோட சமமாகும், அதுலயும் போட்ட முதலோட வட்டிய நான் சேக்கவே இல்ல. நீங்க பறக்குறது 60 மணி நேரம், அதுக்கு மணிக்கு 3,700 வருது.

புதுசா பிபிஎல் எடுத்தவருக்கு இன்சூரன்ஸ்காரங்க கூடுதலாதான் கேப்பாங்க, அதனால விலை பேசறதுக்கு முன்னாடியே கொட்டேஷன் வாங்கிடுங்க. சொந்தமா வச்சிருக்கறதுல காசுக்கு அப்பாற்பட்ட சந்தோஷம் இருக்கு, அதை நான் மறுக்கல, நினைச்ச நேரத்துக்குக் கிளம்பலாம், சீட்டு நீங்க வச்சபடியே இருக்கும். அதுக்குத்தான் காசு கொடுக்குறேன்னு தெரிஞ்சு வாங்குனா சரி, மிச்சப்படும்னு நம்பி வாங்காதீங்க. இந்த விமானத்தை இந்த விலைக்கு வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நாங்க ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியால இருக்கோம். தைப்பூசக் காவடிக்கு நாலு பேரா டர்பன் பறந்து வரணும்னு ஆசை. பழைய செஸ்னாவா, நம்ம தென்னாப்பிரிக்காவுலயே செய்ற ஸ்லிங் விமானமா? (லெனேசியா வாசகி)

பதில்: தங்கச்சி, நாலு சீட்டுன்னா நாலு பெரியவங்கன்னு நினைக்காதீங்க. பழைய 172-ல டேங்கை நிரப்பிட்டா ஆளுக்கும் பெட்டிக்கும் சேத்து ஏறக்குறைய 300 கிலோதான் மிஞ்சும். காவடி வர்றது நல்ல கோடையில. உங்க ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ரேண்ட் ஏர்போர்ட் கடல்மட்டத்துலேருந்து 5,483 அடி உயரம், 30 டிகிரி வெயில்ல விமானம் 8,500 அடில நிக்கிற மாதிரி உணரும், டர்போ (காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற கருவி) இல்லாத இன்ஜின் நாலுல ஒரு பங்கு பவரை இழந்துடும். எந்த விமானம்னாலும் காலைலயே கிளம்பிடணும், சாயங்காலம் ஹைவெல்டுல (ஜோகன்னஸ்பர்க்கைச் சுத்தியிருக்குற மேட்டு நிலம்) இடி மேகம் கட்டும்.

ஸ்லிங் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்க இருக்குற டெடர்ஃபீல்டுல செய்றது, 2009-ல ஸ்லிங் 2 உலகத்தையே சுத்தி வந்துச்சு, நமக்கெல்லாம் பெருமை. ஸ்லிங் 2 ரெண்டு பேருக்குத்தான். நாலு சீட்டுன்னா ஸ்லிங் 4, அதுல டர்போ வச்ச ரோட்டக்ஸ் இன்ஜின், உங்க ஊர் உயரத்துக்கு ஏத்தது, ஆனா அதுலயும் எடைக் கணக்கு போடாம நாலு பேரை ஏத்தாதீங்க. பதிவு எழுத்து பெரும்பாலும் இசட்யு (டைப் சர்டிஃபிகேட் இல்லாத வகை), அதோட வருஷாந்திரப் பரிசோதனையை அப்ரூவ்டு பர்சனே (அனுமதி வாங்குன தனி ஆள்) பண்ணிக் கொடுக்கலாம், இசட்எஸ் பதிவுள்ள செஸ்னா மாதிரி ஏஎம்ஓ-க்கு (அனுமதி வாங்குன பராமரிப்பு நிறுவனம்) போகவேண்டியதில்ல, அதனால பராமரிப்பு பொதுவா கம்மி. ரோட்டக்ஸ் பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற அன்லெடட்லயும் ஓடும். ஒண்ணு மட்டும் விக்கிறவங்க சொல்லமாட்டாங்க: அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஹோஸ், ரப்பர் பார்ட்ஸ் மொத்தமா மாத்தணும். கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு லாக்புக்ல பாத்துட்டு விலை பேசுங்க.

கேள்வி: நாலு நண்பர்கள் சேந்து ஒண்ணு வாங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: வாங்குங்க. மேல போட்ட அதே எண்ணை எடுத்தா நிலையான செலவு ஆளுக்கு 30,000, ஆளுக்கு 60 மணி நேரம்னா மணிக்கு 2,200, வாடகையவிடக் கம்மி. விமானமும் வருஷம் 240 மணி நேரம் பறக்கும், இன்ஜினுக்கும் அதுதான் நல்லது. ஆனா ஓவர்ஹால் காசை மாசாமாசம் தனி அக்கவுன்ட்ல போட்டுடணும். ஒருத்தர் விலகுனா பங்கை எப்படி விலை போடுறது, இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல நாம கையிலேருந்து போடவேண்டிய பங்கை (எக்ஸஸ்) யார் கட்டுறது, காவடி வாரத்துல யாருக்கு விமானம், இதெல்லாம் சாவி வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க.