கர்ப்பத்தோட ஆரம்பத்துலயே சுகர் ஏறியிருந்தா... உங்க கேள்விகளும் பதிலும்

7 வாரம் ஆகுது டாக்டர், ஃபாஸ்டிங் 138 வந்திருக்கு. மாசமா இருந்தா சுகர் வரும், பிரசவம் ஆனா போயிடும்னு வீட்ல சொல்றாங்க. விட்டுடலாமா?

விடக்கூடாதும்மா. வீட்ல சொல்றது 24, 28 வாரத்துல வர்ற சுகரை, நஞ்சுக்கொடி பெருசாகி அதுல சுரக்குற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாம பண்றதால வர்றது. 7 வாரத்துல அந்த நஞ்சுக்கொடியே இப்பதான் உருவாகிட்டிருக்கு, அதனால ஃபாஸ்டிங் 126ஐத் தாண்டுச்சுன்னா பெரும்பாலும் அது முன்னாடியே இருந்து நீங்க டெஸ்ட் பண்ணாததால தெரியாம போன சுகர்தான். ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட் பாருங்க, 6.5க்கு மேலன்னா சந்தேகமே இல்ல. இந்த வாரமே டாக்டரைப் பாருங்க, ஏன்னா குழந்தையோட இதயம், முதுகுத்தண்டு, மூளை எல்லாம் உருவாகுறது இந்த முதல் 10 வாரத்துலதான்.

எனக்கு ஏ1சி 9. தெரியாமலேயே கன்சீவ் ஆயிட்டேன். கலைச்சிடுன்னு ஒருத்தர் சொல்றார், அழுகையா வருது.

யாருங்க அவர்? ஏ1சி நம்பரை மட்டும் வச்சு யாரும் கலைக்கச் சொல்லக்கூடாது. பொதுவாவே 100 குழந்தைல 2, 3 பேருக்கு பிறவிக் குறை இருக்கும், சுகர் ஏற ஏற அந்த ரிஸ்க்கும், கரு கலையுற ரிஸ்க்கும் கூடும், அத மறைக்க மாட்டேன். ஆனா 9ல இருக்கிறவங்களுக்கும் பெரும்பாலும் குறை இல்லாத குழந்தைதான் பொறக்குது. இன்னிக்கிருந்து சுகரை இறக்குனாலும் லாபம்தான், பின்னாடி குழந்தை ரொம்ப பெருசாகுறது, தாய்க்கு பிரஷர் ஏறுறது இதெல்லாம் குறையும். ஃபாஸ்டிங் 95க்குள்ள, சாப்ட்டு 2 மணி நேரம் கழிச்சு 120க்குள்ள, இதுதான் குறி, ஆனா லோ சுகர் ஆகாம. 18, 20 வாரத்துல குழந்தைக்குக் குறை எதுவும் இருக்கான்னு பாக்குற அனாமலி ஸ்கேன், கூடவே குழந்தையோட இதயத்துக்கு எக்கோ, ரெண்டும் கேட்டு வாங்குங்க. உங்க கண்ணையும் செக் பண்ணிக்கோங்க, விழித்திரை பாதிப்பு ஏற்கனவே இருந்தா கர்ப்பத்துல வேகமா மோசமாகலாம்.

இன்சுலின் போட்டா குழந்தைக்குப் போயிடுமா?

போகாது. சுகர்தான் நஞ்சுக்கொடியத் தாண்டிப் போகும். பயப்பட வேண்டியது ஊசிக்கு இல்ல.

யூரின்ல சுகர் வந்திருக்கு, பிளட்ல நார்மல்.

கர்ப்பத்துல கிட்னி கொஞ்சம் சுகரை வெளிய விடும், சகஜம். பிளட் ரிசல்ட்டத்தான் நம்பணும்.

ஏற்கனவே சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூணுக்கும் மாத்திரை சாப்பிடுறேன். இப்ப 5 வாரம். எல்லாத்தையும் நிறுத்திடட்டுமா?

எல்லாத்தையும் நிறுத்துறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு, சுகர் மாத்திரையை நீங்களா நிறுத்துனா இந்த வாரத்துல அது எகிறிடும். மெட்ஃபார்மின்னா டாக்டர் மாத்துற வரைக்கும் தொடரலாம், வேற மாத்திரைன்னா உடனே போன் போட்டு கேளுங்க. ஆனா ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது, அன்னிக்கே மாத்தி வாங்கணும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின்னா பொதுவா நிறுத்தச் சொல்லுவாங்க. ஃபோலிக் ஆசிட் சுகர் உள்ளவங்களுக்கு 5 மில்லிகிராம் வரை எழுதுவாங்க, அதையும் கேளுங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சொல்லிடறேன். இன்சுலின் போடறவங்க வாந்தில ஒண்ணுமே தங்கலன்னா ஊசியை அப்படியே விட்டுட்டு படுத்துடாதீங்க, கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்துல சேர்ற அமிலம்) பாக்கணும், கர்ப்பத்துல சுகர் பெருசா ஏறாமலேயே கீட்டோன் ஏறிடும். மூச்சு வாங்குது, வயிறு வலிக்குதுன்னா நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, நைட்டா இருந்தாலும்.