பழைய நூல்களில் உள்ள விலங்குப் படங்கள் ஏன் நிஜத்தைப் போல இல்லை? அன்றைய ஓவியர்களுக்குத் திறமை போதவில்லையா?

திறமைக் குறைவு என்று நான் சொல்லவே மாட்டேன். பெரும்பாலும் அவர்கள் கண்ணெதிரே இருந்ததை அப்படியே வரைந்தார்கள். கண்ணெதிரே இருந்தது முழு விலங்கு இல்லை, அதுதான் சிக்கல்.

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்ணை வீட்டில் ஏறத்தாழ ஒன்றரை வருடம் தங்கி, செத்த குதிரைகளைத் தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்து வரைந்தவர். 1766இல் குதிரையின் உடற்கூறு பற்றி அவர் வெளியிட்ட நூலின் படங்களைப் பார்த்தால் இன்றும் மலைப்பாக இருக்கும். அப்பேர்ப்பட்டவரிடம் 1772இல் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் ஒரு கங்காரு வரைந்து தரச் சொன்னார். பேங்க்ஸ், கேப்டன் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியா போய் முந்தைய ஆண்டுதான் திரும்பியிருந்தார். அவர் கொண்டுவந்தது தோல். கங்காருவை அங்கேயே பார்த்து வரைந்த சிட்னி பார்க்கின்சன் திரும்பும் வழியில் இறந்துவிட்டார். அவருடைய கோட்டுப் படங்கள்தான் மிஞ்சின. ஸ்டப்ஸ் தோலை உப்பவைத்து வரைந்தார். முகம் ஒரு பெரிய எலியைப் போல வந்தது. தொடைத் தசை எவ்வளவு திரண்டிருக்கும், உடம்பின் பாரம் எங்கே இறங்கும் என்பதையெல்லாம் வெறும் தோல் சொல்லாது. இவ்வளவு உடற்கூறு தெரிந்த கைக்கு அறுத்துப் பார்க்க ஓர் உடல் கிடைக்கவில்லையே என்று எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. குக்கின் பயணம் பற்றி 1773இல் வந்த நூலில் இந்த ஓவியத்தை வைத்துச் செதுக்கிய படம் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பரவியது.

சொர்க்கப் பறவையின் கதை இதைவிட மோசம். நியூ கினி பக்கத்தில் அதன் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை வெட்டிவிடுவார்கள். ஐரோப்பாவுக்கு வந்த தோல்களில் பலவும் அப்படிப்பட்டவைதான். ஓவியர்கள் காலில்லாமலே வரைந்தார்கள். அது தரையில் இறங்காமல் வானிலேயே வாழ்கிறது என்று படித்தவர்களும் நம்பினார்கள்.

அப்புறம் மீன்கள். நான் மீன் வரைகிறவன், அதனால் இது எனக்கு நெருக்கமானது. சங்கராவின் சிவப்பு ஐஸில் கிடக்கும்போதே மங்கத் தொடங்கிவிடும். சாராயத்தில் ஊறி மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்த மீனில் என்ன நிறம் மிஞ்சும்? தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் ஜான், பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் மார்கஸ் பிளாக்குக்கு அப்படித்தான் மீன்களை அனுப்பினார். 1782 முதல் 1795 வரை வந்த பிளாக்கின் நூலில் 432 வண்ணப் படங்கள் உண்டு. கத்தாளை வகை ஒன்றுக்கு ஜானின் பெயரையே வைத்தார். அந்தப் படங்களில் உடல்வாகு, செதில் வரிசை, துடுப்பு முள் ஆகியவற்றைப் பொறுமையாகப் பாருங்கள், மீனை எடுத்துவைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தது தெரியும். நிறத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பிளாக் சேர்த்த மீன்களில் பல இன்னும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஆய்வாளர்கள் இப்போதும் அவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.