ஆகஸ்டைத் தனியாகப் பார்க்காதீர்கள்

கேள்வி: கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 2024 ஆகஸ்டில் விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட ரொம்பக் குறைந்தது. செய்திகளில் வரும் மண்டலவாரி வளர்ச்சிக் கணக்கோடு இதை எப்படி ஒப்பிடுவது?

பதில்: அண்ணாச்சி, முதலில் காலண்டரை எடுங்கள். ஓணப் பண்டிகையின் முக்கிய நாளான திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15. ஓணத்துக்குக் கசவுச் சேலை (சரிகைக் கரை போட்ட வெளிர்நிறச் சேலை) வாங்கும் கூட்டம் அடுத்த மாதத்துக்குப் போயிருக்கும். நாகர்கோவில் வடசேரியில் கடைக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு மாதத்தையும் கூட்டி ஒப்பிடுங்கள். அதிலும் குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தீபாவளியும் அப்படித்தான்: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31.

செய்திகளில் வரும் இந்தியச் சில்லறை விற்பனையாளர் சங்கத்தின் மாதக் கணக்கு, நாட்டை நான்கு திசையாகப் பிரித்து, துணி, செருப்பு, நகை, மளிகை என்று வகைவாரியாக முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகிறது. சென்னையும் பெங்களூருவும் ஹைதராபாத்தும் சேர்ந்த அந்தத் 'தெற்கு'க்குள் நம்ம ஊர் தனியாகத் தெரியாது. நமக்கு ஆடித் தள்ளுபடி உண்டு, ஓணம் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கர் வீடுகளில் கல்யாணம் அரிது. இப்படியொரு வியாபார வருஷம் நமக்கு அமைந்ததில் எனக்குப் பெருமைதான்.

அப்புறம், நகைக்கடை வளர்ச்சியைப் பார்த்து ஏங்க வேண்டாம். அது ரூபாய்க் கணக்கு. தங்கம் விலை ஏறினால், விற்ற கிராம் குறைந்தாலும் தொகை கூடும். நீங்களும் ரூபாயோடு எத்தனை சேலை, எத்தனை வேட்டி என்றும் மாதாமாதம் எழுதி வையுங்கள்.