அமைப்புகளுக்குள் நடந்த கொடுமைகளுக்கு நீதி கேட்கும் அரசியல் கோரிக்கையை எப்படி எழுதினால் பலன் கிடைக்கும்?

சத்தியமங்கலம் மலையில் அதிரடிப்படையிடம் வதைபட்டவர்கள், மில் விடுதிகளில் அடைபட்ட பெண்கள், விடுதிப் பள்ளிகளில் சீரழிக்கப்பட்ட பிள்ளைகள். இவர்களுக்காகக் கொங்கு மாவட்டங்களில் கட்சிகளும் இயக்கங்களும் போடும் தீர்மானங்களில் எது வேலை செய்கிறது, எது காகிதமாகவே நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கோரிக்கையாக விசாரணைக் கமிஷன் கேட்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையைக் கேளுங்கள். அதோடு, குற்றம் சாட்டப்பட்ட துறைக்கு வெளியே உள்ள புலனாய்வைக் கேளுங்கள். நம் பக்கத்து இரண்டு வழக்குகளை அருகருகே வைத்தால் காரணம் தெரியும்.

வீரப்பனைத் தேடத் தமிழ்நாடும் கர்நாடகமும் அமைத்த அதிரடிப்படை, மலைக்கிராம மக்களைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்த புகார்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2003-இல் அறிக்கை வந்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. வதைத்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. குழு கேட்டவர்களுக்குக் குழுதான் கிடைத்தது.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வெளியே கொண்டுவந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ.நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றப்பத்திரிகையில் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னதோடு, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 ஆண்டுகள் என்பது பெருங்கொடுமைதான். ஆனாலும் கட்சி கேட்டது வெளிப் புலனாய்வு என்பதால்தான் வழக்கு தண்டனை வரை போனது.

கமிஷனைக் கேட்டே ஆக வேண்டிய நிலையும் வரும். அப்போது 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தில் இரண்டு இடங்களைப் பார்த்து வையுங்கள். பிரிவு 6-இன்படி, கமிஷன் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகவே வழக்கில் பயன்படுத்த முடியாது. அதிகாரி கமிஷனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் அது செல்லாது. பிரிவு 3(4)-இன்படி, அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அதைச் சட்டசபையில் வைக்க வேண்டும். 'அறிக்கையை வெளியிடு' என்று பொதுவாகக் கத்துவதைவிட, ஆறு மாதம் முடிகிற தேதியைக் கணக்குப் போட்டுத் தொகுதி எம்எல்ஏ கையில் கொடுப்பது உருப்படியான வேலை.

மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் விசாரிக்க ஆணையத்துக்குச் சட்டமே தடை போடுகிறது. குற்ற வழக்கு அப்படியல்ல. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. 'ரொம்ப நாளாச்சு, இனி எடுக்க முடியாது' என்று ஸ்டேஷனில் சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள். எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தி, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனால் அந்தக் காரணத்துக்காகவே மனு திரும்பும். புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 1.7.2024-க்கு முன் நடந்த குற்றமென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளைத்தான் எழுத வேண்டும்.

அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவை என்ற சுவரில் பல வழக்குகள் முட்டி நின்றன. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் பிரிவு 218-இல் 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். பாலியல் வன்கொடுமைக்கு அனுமதியே தேவையில்லை. இது தெரியாமல் 'அனுமதி கொடு' என்று தீர்மானம் போடுவது, இல்லாத பூட்டுக்குச் சாவி கேட்பது.

அரசியல்காரர்களே செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணையோ பிள்ளையையோ மேடையேற்றுவது, செல்போனில் பேசவைத்துப் பதிவு செய்வது, பேனரில் பள்ளியின் பெயரைப் போடுவது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23, பிள்ளையின் பெயர், படம் மட்டுமல்ல, வீடு, குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் நடந்ததை மறக்கக் கூடாது. வழக்கை சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அச்சாகியிருந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வழக்குக்கே இது ஆபத்து. நான்கு பேரிடம் நான்கு விதமாகச் சொல்லவைத்தால் அந்த நான்கையும் எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்து வைப்பார். முழுக் கதையும் ஒருமுறை, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலமாகப் பதிவாகட்டும். கட்சிக்காரர்களின் வேலை அதற்கான தேதியை விரைவாக வாங்குவதுதான். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சி சொன்ன பெண்களின் அடையாளம் காக்கப்பட்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பள்ளி, விடுதி விஷயத்தில் தவறு செய்தவரோடு நிறுத்திவிடுகிறோம். தெரிந்தும் மறைத்த நிர்வாகி மீது போக்சோ பிரிவு 21(2) இருக்கிறது, ஓராண்டு வரை சிறை. புகாரிலேயே அந்தப் பிரிவை எழுதுங்கள்; எழுதாவிட்டால் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். இடைக்கால இழப்பீட்டுக்குத் தண்டனை வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டால் 30 நாளில் பணம் வர வேண்டும்.

மில் விடுதிகளுக்குக் கோரிக்கை வேறு. மூன்று வருடம் வேலை பார்த்தால் மொத்தமாகப் பணம் என்று கூட்டிவந்து, வெளியே விடாமல், சம்பளத்தைப் பிடித்துவைத்தால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பொருந்தும். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தரும் விடுதலைச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். அது இல்லாமல் மறுவாழ்வுத் தொகை நகராது. 'மீட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்' என்று அதிகாரிகள் முடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். பெண்ணை பஸ் ஏற்றிவிட்ட பிறகு சான்றிதழ் வாங்க நாயாய் அலைய வேண்டியிருக்கும். எந்தெந்த விடுதிக்கு 2014-ஆம் ஆண்டின் விடுதிகள் முறைப்படுத்தல் சட்டப்படி கலெக்டர் உரிமம் தந்திருக்கிறார் என்ற பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கு மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம்.

திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது ஒரு மனுவில் ஒரே கோரிக்கை வையுங்கள். பத்தையும் ஒன்றாக எழுதினால் அது ஒரு துறைக்கு மட்டும் போய், 'எங்கள் அதிகார வரம்பில் இல்லை' என்று மூடப்படும்.

மலைப் பகுதிக்குத் தனியாக ஒன்று. பாதிக்கப்பட்டவர் பழங்குடி, செய்தவர் பழங்குடியும் பட்டியல் சாதியும் அல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பலமானது. ஆனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும், மலையாளி என்று பெயர் கொண்ட மலைவாழ் மக்களுக்கு அது கிடைக்காது. தருமபுரி, சேலத்தில் இதே மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள்; ஆனால் அவர்களுக்கான மாவட்டங்களில் ஈரோடு இல்லை. அதைச் சேர்க்கக் கேட்பதும் நீதி கேட்பதன் பகுதிதான். சோளகர், ஊராளி மக்களுக்கு அந்தச் சட்டம் உண்டு. அதன் விதி 11, சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பயணப்படி, தினப்படி தரச் சொல்கிறது. தாளவாடியிலிருந்து ஈரோடு கோர்ட்டுக்கு வர திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். இரவில் அங்கே போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. சாயங்காலம் வரை கோர்ட்டில் நிறுத்தினால் அன்றைக்குத் திரும்பிப் போவது கஷ்டம், கூலியும் போகும். இரண்டு முறை அப்படி அலைந்தவர் மூன்றாவது வாய்தாவுக்கு வராமல் போவது இதனால்தான். அந்தப் படியையும் ஈரோட்டில் இரவு தங்க இடத்தையும் தீர்மானத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.